மெழுகுவர்த்தியில் மணம் வரவில்லையா? திரியைப் பாருங்கள்

சோயா மெழுகில் செய்த மெழுகுவர்த்தி மணக்கவில்லை என்றதும் அடுத்த முறை வாசனை எண்ணெயைக் கூட்டி ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு எண்ணெயில் இல்லை, திரியில்தான். மெழுகு போதிய அகலத்துக்கு உருகினால்தானே மணம் கிளம்பும்?

முதலில் அளவு. கண்ணாடி டம்ளரில் எந்த மட்டம் வரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். சோயா மெழுகு தண்ணீரைவிட லேசானது. அந்த எடையை 0.86-ஆல் பெருக்கினால் மொத்தக் கலவை எவ்வளவு என்று தெரிந்துவிடும். 200 கிராம் தண்ணீர் பிடித்தால் சுமார் 172 கிராம் கலவை. மெழுகின் எடையில் 8 சதவீத வாசனைக்கு 159 கிராம் மெழுகு, 13 கிராம் எண்ணெய். கரண்டிக் கணக்கு உதவாது, டிஜிட்டல் தராசு வேண்டும். பிறகு டம்ளரை நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் தங்கினால் எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் மூடி போட்டு அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. 80 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, எண்ணெய் விட்டு, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். அவசரப்பட்டால் எண்ணெய் அடியில் தங்கிவிடும். 10 சதவீதத்தைத் தாண்டினால் மேலே வியர்த்து நிற்கும், திரியும் அடைத்துக்கொள்ளும். உடம்பில் அடிக்கும் சென்ட்டை ஊற்றாதீர்கள். அதில் இருப்பது ஆல்கஹால்.

55 முதல் 65 டிகிரிக்குள் ஊற்றினால் பெரும்பாலான சோயா மெழுகு ஒழுங்காக உறையும். மேலே பள்ளம் விழுந்தால் ஹேர் டிரையர் சூடு போதும். உறைபனி போல வெள்ளை பூத்தால் அது சோயாவின் இயல்பு, எரிவதைப் பாதிக்காது. மூடி போட்டு இரண்டு வாரம் வையுங்கள். மறுநாளே கொளுத்திப் பார்த்து மணம் போதாது என்று முடிவு கட்டுவது அந்த மெழுகுக்குச் செய்யும் அநியாயம்.

இனி திரி. டம்ளரின் உள்விட்டத்துக்கு விற்பவர் சொல்லும் திரி அளவு எண்ணோடு, அதற்கு ஒன்று மேலும் ஒன்று கீழும் வாங்கி, ஒரே மாதிரி மூன்று டம்ளர் செய்யுங்கள். திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டுக் கொளுத்துங்கள். 7.5 சென்டிமீட்டர் டம்ளர் என்றால் மூன்று மணி நேரம் எரியட்டும். முதல் தடவையே மெழுகு ஓரம் வரை உருக வேண்டும் என்பார்கள்; சோயாவுக்கு அது கட்டாயமில்லை. சுற்றிலும் மெல்லிய விளிம்பு நின்றால் கவலை வேண்டாம். மட்டம் இறங்க இறங்கக் கண்ணாடிக்குள் சூடு தேங்கி, அந்த விளிம்பும் உருகிவிடும். முதல் மணி நேரத்திலேயே ஓரத்தைத் தொடும் திரிதான் ஆபத்து: அடிப்பாகத்துக்கு வரும்போது கண்ணாடி கை வைக்க முடியாதபடி கொதிக்கும், கரி படியும், திரி நுனியில் காளான் போலக் குமிழ் கட்டும். அதற்கு ஒரு எண் சிறியது போடுங்கள். நடுவில் குழி தோண்டிக்கொண்டு இறங்கினால் ஒரு எண் பெரியது.

கடைசி 1 சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வெனிலா போன்ற கனமான எண்ணெய்க்கு அதே டம்ளரில் வேறு திரி தேவைப்படலாம். எண்ணெயை மாற்றினால் திரிச் சோதனையும் முதலிலிருந்துதான்.