குண்டுக்குத் தப்பி, பேதியில் போன சிப்பாய்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்த சிப்பாய்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேரைக் கொண்டுபோனது நோய். வட மாநிலங்களின் தரப்பில் நின்ற வடக்குப் படையில் மட்டும் பேதிக்கும் சீதபேதிக்கும் பலியானவர்கள் 40,000-க்கு மேல். பீரங்கியையும் கொடியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அந்த இளசுகள் எப்படிச் செத்தார்கள் என்பது பிடிபடாது. அதனால் ஒரே ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்கிறேன்: 153-வது நியூயார்க் படைப்பிரிவின் லயன்ஸ் வேக்மேன்.

உண்மைப் பெயர் சாரா ரொசெட்டா வேக்மேன். 1843-இல் நியூயார்க் மாநிலத்துக் குடியானவர் வீட்டில் பிறந்தவர், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்குக் கடன். 1862-இல் ஆண் உடை போட்டுக்கொண்டு கிளம்பி, கால்வாயில் நிலக்கரிப் படகு வேலைக்குச் சேர்ந்தார். நான்கு நடைக்கு 20 டாலர். வழியில் பார்த்த சிப்பாய்கள் வா என்று கூப்பிட, ஆகஸ்ட் 30 அன்று பட்டாளத்தில் பெயர் கொடுத்தார். சேர்ந்ததற்குக் கையில் 152 டாலர், பிறகு மாதம் 13 டாலர். வயது 19, எழுதிக்கொடுத்தது 21. உயரம் ஐந்தடி.

மருத்துவப் பரிசோதனையில் எப்படித் தப்பினார்? பல இடங்களில் பரிசோதனை என்பது பெயருக்குத்தான். கை கால் ஒழுங்காக இருக்கிறதா, விரல் மடங்குகிறதா, முன்பல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல் எதற்கென்றால், தோட்டா காகித உறையில் வரும். பல்லால் கடித்துக் கிழித்து, உள்ளே இருக்கும் 60 கிரெயின் வெடிமருந்தை, அதாவது நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, குழாயில் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். பழகிய கைக்கு நிமிடத்துக்கு மூன்று வெடி. இவரைப்போல் ஆண் வேடத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தப் போரில் இருந்தார்கள்.

முகாம் வாழ்க்கையில்தான் விஷயம் இருக்கிறது. கழிப்பிடத்துக்கு நீளமாகக் குழி வெட்ட வேண்டும். தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு எட்டத்தில், தாழ்வில் இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் அரை அடி மண் போட்டு மூட வேண்டும். இது விதி. நடந்தது வேறு. மண் போட ஆள் இருக்காது, நாற்றம் தாங்காது, ராத்திரியில் குழிவரை போகச் சோம்பல். பாதிப் பேர் புதரோரம் ஒதுங்கினார்கள். ஆண் வேடத்தில் இருந்த பெண்ணுக்கு அந்த வழக்கம் பெரிய மறைப்பு. ஆனால் ஒரு மழை பெய்தால் அத்தனையும் ஓடைக்குப் போகும். அதே ஓடையில்தான் குடுவையை நிரப்புவார்கள். காபி போடக் கொதிக்க வைத்த தண்ணீர் பிழைக்க வைத்தது. நடையில் தாகத்துக்கு அப்படியே மொண்டு குடித்த தண்ணீர் கொன்றது. கிருமியைப் பற்றி அன்று டாக்டருக்கும் தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்றே நம்பினார்கள்.

சாப்பாடும் கைகொடுக்கவில்லை. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட, மூன்று அங்குலச் சதுரத்தில் அரை அங்குலத் தடிமன் பிஸ்கட், நாளைக்கு ஒன்பதோ பத்தோ. காபியில் போட்டால் ஊறும், வண்டும் மேலே மிதந்து வரும். அதை வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். இல்லாவிட்டால் நொறுக்கி, உப்பிட்ட பன்றிக்கறியின் கொழுப்பில் பொரிப்பார்கள். காய்கறி கிடையாது. ஏற்கெனவே புண்ணான குடலுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை.

ரொசெட்டா முதலில் வாஷிங்டன் பக்கம் காவல் வேலை பார்த்தார். அங்கே சிறையில் இருந்த பெண்களில் ஒருத்தி, ஆண் வேடத்தில் வடக்குப் படையில் மேஜராக இருந்தவள் என்று வீட்டுக்கு எழுதியிருக்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். 1864 பிப்ரவரியில் படைப்பிரிவு லூசியானாவுக்குப் போனது. வடக்குப் படையின் ஜெனரல் பேங்க்ஸ் ரெட் ரிவர் என்ற ஆற்றை ஒட்டி நடத்திய படையெடுப்பு. சதுப்பும் புழுதியுமாக 200 மைலுக்கு மேல் நடை. ஏப்ரல் 9 அன்று பிளெசன்ட் ஹில்லில் சண்டை. நான்கு மணி நேரம் குண்டுக்கு எதிரே நின்றதாகவும் ராத்திரி முழுக்கக் களத்திலேயே கிடந்ததாகவும் அடுத்த வாரம் எழுதினார். உடம்பில் ஒரு காயம் இல்லை. கிடைத்திருக்கும் கடைசிக் கடிதம் அதுதான்.

பின்வாங்கும் வழியிலேயே பேதி கண்டது. மே 3 அன்று படைப்பிரிவு மருத்துவமனை; மே 22 அன்று நியூ ஆர்லியன்ஸ் ராணுவ மருத்துவமனை. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வாரம். நீர் வற்றிய உடம்புக்கு அந்த நாட்கள்தான் எமன் என்பது என் எண்ணம். ஜூன் 19 அன்று இறந்தார், வயது 21. நாள்பட்ட பேதி என்று பதிவானது. ஆவணத்தில் கடைசிவரை லயன்ஸ் வேக்மேன்தான். சால்மெட் தேசிய மயானத்தில் 4066-ஆம் எண் கல்லிலும் அதே பெயர். உண்மை தெரியவந்தது, வீட்டார் நூறு வருடத்துக்கு மேல் பத்திரப்படுத்திய கடிதங்களால்.

அந்தக் காலத்துப் பேதி வைத்தியத்தையும் சொல்லியாக வேண்டும். அபின் குடலைக் கட்டும், சில மணி நேர நிம்மதி. இன்னொன்று கேலோமெல் என்ற பாதரச உப்பு. வயிற்றைப் போக வைக்கும் மருந்தையே பேதிக்காரனுக்குக் கொடுத்தார்கள். எச்சில் ஊற்றாய் ஒழுகி, ஈறு அழுகி, பல் கொட்டிய சிப்பாய்கள் ஏராளம். தலைமை ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் 1863 மே மாதம் கேலோமெலை மருந்துப் பட்டியலிலிருந்தே நீக்கினார். டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். போர் அமைச்சருக்கும் அவரைப் பிடிக்காது. கொள்முதலில் முறைகேடு என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, ரொசெட்டா இறந்து இரண்டே மாதத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1879-இல் தீர்ப்பு ரத்தாகி அவருக்குப் பதவி மரியாதை திரும்பக் கிடைத்தது. கேலோமெல் மட்டும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மருந்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.