குடி விட்டவரின் கடினமான மாதங்கள்: 2025 மார்ச், ஏப்ரல் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் வந்துவிட்டது. வங்கிக் கிளைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இனி இரவு பத்து மணிக்கும் விளக்கு எரியும். குடியை விட்டுப் பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்களை நினைத்துத்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறோம். புதிதாக விட்டவரை வீடே கண்காணிக்கும். அவரும் பயந்து பயந்து நடப்பார். பழையவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. வாராவாரம் போன ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு ஆண்டுவிழாவுக்கு மட்டும் என்று சுருங்கியிருக்கும்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் வரையறுத்திருக்கிறது. அதை நோய் என்று சொல்லாமல், வேலையால் வரும் நிலை என்று குறித்தார்கள். அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், வேலைமேல் வெறுப்போ விலகலோ வருதல், நம்மால் முடியவில்லை என்ற உணர்வு. குடி விட்டவர் இரண்டாவதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். வேலைமேல் வந்த சலிப்பு "கூட்டத்துல கேட்டதையே எத்தனை தடவை கேக்கறது" என்று மீட்சியின் மேலும் படரும். கையில் பாட்டில் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே சறுக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மார்ச் 8, சனி

பெரும்பாலும் முதலில் போவது தூக்கம். அப்புறம் வேளைக்குச் சாப்பிடுவது, ஸ்பான்சருக்கு (கூட்டத்தில் நமக்கு வழிகாட்டும் மூத்தவர்) போன் செய்வது, கடைசியாகக் கூட்டம். வேலை குறைந்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முழுதாக விட்டதை மறுபடி தொடங்குவதுதான் கடினம். சின்னதாகவாவது ஓடிக்கொண்டிருப்பதைப் பெரிதாக்குவது எளிது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவை இப்போதே எழுதி வையுங்கள். முக்கால் மணி நேர நடை, மோசமான நாளில் பத்து நிமிடம். ஸ்பான்சரோடு அரை மணி நேரப் பேச்சு, மோசமான நாளில் இரண்டு நிமிடம்: "இன்னிக்குக் குடிக்கலை, ரொம்பக் களைப்பா இருக்கேன்." நேரில் போக முடியாத வாரம், ஆன்லைன் கூட்டம். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

இதில் சாப்பாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதுதான் எங்களுக்குக் கவலை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் இரவு ஒன்பதரை வரை டீயிலேயே ஓட்டுவார். ஏழு மணிக்குக் கை லேசாக நடுங்கும், எரிச்சல் வரும், மனம் ஒரு நிலையில் நிற்காது. பசியின் இந்த அறிகுறிகளும் குடி ஆசையின் அறிகுறிகளும் உள்ளே ஒன்றுபோலவே தெரியும். பழைய மூளை அதைக் குடி என்றே படித்துக்கொள்ளும். ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு வாழைப்பழமோ போதும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கூட்டங்களில் சேர்த்தே சொல்வார்கள். இவற்றில் பசியைத்தான் ஐந்து நிமிடத்தில் தீர்க்க முடியும்.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம். கடைசி காபி பிற்பகல் இரண்டு மணிக்குள். காபியிலுள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

அலுவலக நண்பர் தரும் தூக்க மாத்திரையை வாங்காதீர்கள். அல்பிரசோலம், டையஸபம் போன்றவை மூளையில் மது வேலை செய்யும் பாதையிலேயே வேலை செய்பவை, பழக்கமும் ஆகக்கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "எனக்குக் குடிநோய் இருந்தது, பழக்கமாகாத மருந்தாப் பார்த்துக் குடுங்க." தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் நொதித்து உண்டான மது இருக்கும். சில இருமல் சிரப்புகளிலும் ஹோமியோபதி சொட்டு மருந்துகளிலும் உண்டு. டைசல்பிராம் (குடித்தால் உடல் ஏற்காதபடி செய்யும் மாத்திரை) எடுப்பவர்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல: அந்த மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட மது பட்டால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல் என்று வரலாம்.

மார்ச் 22, சனி

ஆசை வந்தால் அது ஏறிக்கொண்டே போகும் என்ற பயம்தான் பலரைக் கவிழ்க்கிறது. அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைமேல் மிதப்பதோடு ஒப்பிட்டார்: எதிர்த்து நிற்காமல், அது உடம்பில் எங்கே தெரிகிறது (தொண்டையா, நெஞ்சா, வயிறா) என்று கவனித்துக்கொண்டே இருப்பது. ஆனால் இருக்கும் இடத்திலிருந்து முதலில் நகருங்கள். டாஸ்மாக் வாசலுக்கு எதிரே நின்று மூச்சைக் கவனிப்பதில் பயனில்லை. கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. வீடு திரும்பும் நேரம் அதற்குள்தான் வரும். இந்த மாதம் மட்டுமாவது வேறு தெருவில் போங்கள்.

ஏப்ரல் 2, புதன்

சாவு வீடு. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் கூடும் இடத்தில் பாட்டில் வந்துவிடும். பறையடிப்பவர்களுக்கும் குழி வெட்டுபவர்களுக்கும் சரக்கு வாங்க ஒருவர் பணத்தோடு கிளம்புவார். இறந்தவரின் மகனே குடி விட்டவராக இருந்தால், அந்தப் பணமும் அந்தப் பொறுப்பும் அவர் கைக்கு வரவே கூடாது. மச்சானோ சித்தப்பாவோ ஏற்றுக்கொள்ளும்படி முதல் மணி நேரத்திலேயே பேசிவிடுங்கள். கிளாஸை நீட்டுபவரிடம் விளக்கம் வேண்டாம்: "நான் விட்டுட்டேன் மாமா, ஒரு டீ சொல்லுங்க." அடுப்பு எரியாத வீடு என்றாலும் பக்கத்து வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை மறுக்காதீர்கள். இரவு நான்கு மணி நேரமாவது வேறு வீட்டில் படுங்கள்.

பதினாறு நாளும் ஆட்கள் சூழ இருப்பார்கள். கருமாதி முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகுதான் கடன் கணக்கும் காலி அறையும் முன்னால் வரும். துணைக்கு ஒருவரைக் கேட்பதானால் பதினேழாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குக் கேளுங்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

மகாவீர் ஜெயந்தி, இன்று டாஸ்மாக் விடுமுறை. சறுக்கியவர்களைப் பற்றி எழுத இந்த நாளைவிடப் பொருத்தமானது இல்லை. தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்ட ஒருவருக்குக் கடை மூடிய நாளில்தான் உடல் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு மாலை மட்டும் குடித்துவிட்டால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். "ஒண்ணு போட்டாச்சு, இத்தனை வருஷமும் போச்சு" என்ற நினைப்புதான் ஒரு குவார்ட்டரை ஒரு மாதக் குடியாக ஆக்குகிறது. பழைய அளவைக் குடிக்க முயல்வது மிக ஆபத்து: அதைத் தாங்கும் பழக்கம் உடலை விட்டுப் போயிருக்கும். நாள்கணக்கில் தொடர்ந்திருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். குழப்பமும் பிரமையும் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்தில். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. அரசு மருத்துவமனைக்கே போகலாம். 14446 போதைமீட்பு உதவி எண். மனம் தாங்காத இரவுகளுக்கு 14416, மனநல உதவி எண்.

அவசரப் பிரிவில் கூட வருபவர் சொல்ல வேண்டியவை: கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாளாக, முன்பு வலிப்பு வந்ததுண்டா, சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று, டைசல்பிராமோ நால்ட்ரெக்சோனோ (குடி ஆசையைக் குறைக்கும் மருந்து) எடுக்கிறாரா. சாப்பிடாமல் குடித்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி தேவைப்படும். அதனால் சாப்பாட்டுக் கேள்விக்கான பதிலை விட்டுவிடாதீர்கள்.