சிங்கப்பூர் நம்பர் பிளேட்டோட கடைசி எழுத்து: ஃபார்முலா ஓடிடுச்சு

சின்ன மாமா அனுப்புன போட்டோவுல இருக்குற அத்தன சிங்கப்பூர் வண்டி நம்பருக்கும், முன்னாடி உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் வச்சு நான் கணக்கு போட்டு எடுத்த கடைசி எழுத்து பொருந்திடுச்சு. எக்செல் ஷீட்ல ஒரு கட்டம்கூட சிவப்பு இல்ல. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்த வேல, முடிஞ்ச சூட்டோட எழுதிடுறேன்.

நம்ம டெல்டா பிளேட்ல இந்த வித்த கிடையாது. 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை, இதெல்லாம் இத படிக்கிறவங்களுக்கு மனப்பாடமாவே இருக்கும். தரங்கம்பாடில பஸ் ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்தா நாகூர் வர்றதுக்குள்ள 82, பிஒய் 02, 51 மூணும் மாறி மாறி கண்ணுல படும், நடுவுல காரைக்கால் வந்து நிக்கிறதால. கவர்மெண்ட் பஸ்ஸா இருந்தா என் (N) சீரிஸ், ஆபீஸ் ஜீப்பா இருந்தா ஜி சீரிஸ், அதுவும் தெரிஞ்சதுதான். ஆனா எல்லாமே வரிசையா கொடுத்துட்டு போற நம்பர், 9999 முடிஞ்சா அடுத்த எழுத்துக்கு தாவிடும். ஒரு நம்பர சொல்லி இது சரியா எழுதுனதா, ஒரு இலக்கம் பிசகிடுச்சான்னு கேட்டா பிளேட்ட வச்சு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது. சிங்கப்பூர்ல சொல்லிடலாம், கடைசி எழுத்துதான் காவல்.

எஸ்பிஏ 1234னு எடுத்துக்குங்க. முன்னாடி இருக்குற எஸ்ஸ விட்டுடணும். மிச்சம் பி, ஏ. ஏ-க்கு 1, பி-க்கு 2, இப்படியே இசட் 26 வரைக்கும். இப்ப வரிசையா 9, 4, 5, 4, 3, 2 ஆல பெருக்கணும். பிக்கு 18, ஏக்கு 4, அப்பறம் 5, 8, 9, 8. கூட்டுனா 52. 19ஆல வகுத்தா மீதி 14. மீதி 14க்கு எழுத்து ஜி. ஆக எஸ்பிஏ 1234 ஜி. கேக்க சுலபமா இருக்குல்ல, ஷீட்ல ஏத்தும்போதுதான் உயிர் போகும்.

மொத தலவலி அந்த மீதிக்கான எழுத்து வரிசை. மீதி 0ன்னா ஏ, ஆனா 1ன்னா பி இல்ல, இசட்! அங்கேருந்து தலகீழா இறங்குது: இசட், ஒய், எக்ஸ், யு, டி, எஸ், ஆர், பி, எம், எல், கே, ஜே, எச், ஜி, ஈ, டி, சி, பி. இதுல ரெண்டு பி, ரெண்டு டி இருக்குற மாதிரி தெரியும், நம்ம எழுத்துல எழுதுறதால வர்ற தொல்ல அது. மேல வர்ற டி ஆங்கில வரிசைல எஸ்ஸுக்கு அடுத்தது (T), கீழ வர்ற டி ஈக்கு முன்னாடி உள்ளது (D), பி ரெண்டும் அதே மாதிரி, மேல P, கீழ B. எஃப், ஐ, என், ஓ, க்யூ, வி, டபிள்யூ ஏழும் இந்த கடைசி இடத்துக்கு வரவே வராது, 26ல ஏழு போனா சரியா 19. இந்த 19 எழுத்தையும் ஒரே சரமா ஒரு கட்டத்துல போட்டு, மீதியோட ஒண்ணு கூட்டி, எத்தனாவது எழுத்துன்னு சொன்னா அத எடுத்து தர்ற மிட் (MID) ஃபங்ஷன்ல எடுத்துட்டா முடிஞ்சுது. அட்டவணை போட்டு தேடுறதெல்லாம் வேண்டாம், ஷீட் கனத்துடும்.

ரெண்டாவது இடம்தான் பெரிய கண்ணி. நம்பர் நாலு இலக்கம் இல்லன்னா முன்னாடி சைபர் போட்டுக்கணும். எஸ்பிஏ 123ஐ 0123ன்னு எடுத்தா கூட்டு 38, மீதி சைபர், எழுத்து ஏ. சைபர் போடாம 1230 மாதிரி இடது பக்கம் ஒட்டி விட்டா கூட்டு 44, மீதி 6, எழுத்து எஸ்ஸுன்னு வந்து நிக்கும். எக்செல் வேற நம்பரா பாத்தா முன்னாடி சைபர தின்னுடும், அதனால டெக்ஸ்டாவே வச்சுக்கிட்டு அப்பறம் ஒவ்வொரு இலக்கமா பிரிக்கணும்.

இந்த கணக்க போட்டவங்க மேல எனக்கு அவ்ளோ மரியாதை வந்துடுச்சு. 19 பகா எண். இலக்கத்துக்கான பெருக்கல் 5, 4, 3, 2. ஒரு இலக்கத்த மாத்தி எழுதுனா வித்தியாசம் 9க்கு மேல போகாது, அத 2, 3, 4, 5ல எதால பெருக்குனாலும் 19ஆல வகுபடாது, அதனால கடைசி எழுத்து கட்டாயம் மாறியே ஆகணும். ரெண்டு இலக்கத்த இடம் மாத்தி எழுதுனாலும் தப்பிக்க முடியாது, 1234க்கு ஜி, 1243க்கு ஈ. நம்மூர்லயும் இது இருந்திருந்தா ஒரு இலக்கம் பிசகி யாரோ பண்ண தப்புக்கு யாருக்கோ அபராத எஸ்எம்எஸ் போறது அங்கேயே நின்னுடும். இத நான் திரும்ப திரும்ப சொல்லுவேன்.

மாமாவோட பழைய போட்டோ ஒண்ணு, கார் முன்னாடி நிக்கிறாரு, கடைசி எழுத்த அவரு கால் மறச்சிடுச்சு. ஷீட் அந்த எழுத்த சொல்லிடுச்சு. மாமாகிட்ட கேட்டேன், "ஏண்டா, அதே கார பக்கவாட்டுல எடுத்த படம் இருக்கு, பொறு"ன்னு தேடி அனுப்புனாரு. அதே எழுத்து! கூத்தாநல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இந்த மாதிரி ஆல்பம் தூங்கிக்கிட்டு இருக்கு, எடுத்து பாருங்க.

இதுக்கு நடுவுல செவுத்துல மாட்ட ரெப்ளிகா பண்ற வேலயும் ஆரம்பிச்சிருக்கேன், வண்டில மாட்ட இல்ல, செவுத்துக்கு மட்டும். 1 மில்லிமீட்டர் அலுமினிய தகடு, கார் அளவு 500க்கு 120. எழுத்து உயரம் 65, தடிப்பு 10, இடைவெளி 10, இது நம்ம விதியிலேயே உள்ளது. ஆன்லைன்ல ஒரு கடைல எழுத்து வெட்டி வாங்குனேன், தடிப்பு 10 கேட்டா 8ல அனுப்பியிருக்கான், திருப்பி எடுத்துக்கவும் மாட்டேங்குறான். கும்பகோணத்துல பிரஷ்ல நம்பர் எழுதுற அண்ணன் ஒருத்தர் ஸ்கேல் வைக்காமலே 10 தடிப்ப கண்ணாலயே பிடிப்பாரு, இனிமே அவர்கிட்டதான். 2019 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த புது வண்டிக்கெல்லாம் ஹாலோகிராம் போட்ட பிளேட்தான்னு ஆனதுலேருந்து அவருக்கு வேல குறஞ்சு போச்சு, அந்த கை சும்மா இருக்குறது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

சிங்கப்பூர் ஷீட்ல இன்னும் எஸ் இல்லாத பழைய ரெண்டெழுத்து நம்பர் பாக்கி. அதுல எதையும் விடாம ரெண்டு எழுத்தையும் கணக்குல சேக்கணும். அதுக்குள்ள மனசு மலேசியாவுக்கு ஓடுது. அங்க கடைசி எழுத்து கணக்கெல்லாம் இல்ல, மொத எழுத்துலயே மாநிலம் தெரிஞ்சிடும்: ஜே ஜொகூர், பி (P) பினாங்கு, ஏ பேராக், டபிள்யூ கோலாலம்பூர். கறுப்பு பிளேட்ல வெள்ளை எழுத்து, டாக்ஸிக்கு மட்டும் எச்சுல ஆரம்பிச்சு வெள்ளைல கறுப்பு. அப்பறம் சவுதி, அங்க அரபி எழுத்துல 17 மட்டும்தான் பிளேட்ல வரும், பக்கத்துலயே அதுக்கு இணையான ரோமன் எழுத்து. முத்துப்பேட்டை நண்பன் ஒருத்தன் ரியாத்ல இருக்கான், லீவுக்கு வரும்போது படத்தோட வர்றேன்னு சொல்லியிருக்கான். பேராக் டாக்ஸி போட்டோ யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, பின்பக்க பிளேட் முழுசா தெரியணும்.