காலஸின் டீச்சர்

டோஸ்கா என்ற ஓப்பராவின் (பாடியே நடிக்கும் இசை நாடகம்) இரண்டாம் அங்கம். 1964-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் எடுத்த கறுப்பு வெள்ளைப் பதிவு. மரியா காலஸ் பாடுகிறார்.

அதில் வரும் 'விஸ்ஸி தார்த்தே' பாட்டு முடியப்போகும் நேரம். உச்சத்தைத் தொட்ட குரல் கனம் குறைந்து, அறுபடாமல் இறங்குகிறது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

இப்படி இறங்க யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமே!

எல்விரா தெ ஹிடால்கோ. ஸ்பெயினில் பிறந்த சொப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண்குரல்) பாடகி. ஏதென்ஸ் இசைப்பள்ளியில் காலஸின் டீச்சர். தன் வகுப்பு முடிந்தாலும் காலஸ் வீட்டுக்குப் போகமாட்டாராம். மற்றவர்களின் பாடத்தையும் கேட்டுக்கொண்டே இருப்பாராம். டீச்சர் இருக்கவிட்டாரே, அந்த மனசுதான் பெரிது.

1977-இல் மாணவி இறந்துபோய்விட்டார். டீச்சர் 1980 வரை இருந்தார். தான் வளர்த்த குரலை இசைத்தட்டில் மட்டுமே கேட்க முடிந்த அந்த வருடங்களை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.