மால்டாவில் மழையும் காற்றும் அளக்கிறேன்

மொட்டை மாடியில் மழைமானியை வைத்தது செப்டம்பரில். மத்தியதரைக் கடல் தீவான மால்டாவில் வறண்ட கோடை முடிந்து மழை எட்டிப்பார்க்கும் மாதம் அது. கைப்பிடிச் சுவர் மழையை மறைக்காதபடி தள்ளி வைத்தேன். வெப்பமானி, காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்கிறேன்.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழைதான். பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் வந்துவிடும். ஜூலையில் அநேகமாக ஒரு துளி கிடையாது. மழை எவ்வளவு என்பதைவிட அது வரும் விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அக்டோபரிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். மேலே குளிர்ந்த காற்று வந்து சேர்ந்தால் இடிமழைதான். குறிப்பேட்டில் வரிசையாகச் சுழியம், அப்புறம் ஒரே பொழுதில் கொட்டித் தீர்த்துவிடும். ஆறே இல்லாத தீவு என்பதால் தண்ணீர் தெருக்களில் ஓடி, பிர்கிர்காரா, ம்சிடா போன்ற தாழ்ந்த ஊர்களில் வெள்ளமாகிறது. பழைய வீடுகளின் அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி வைத்தார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! இன்று பல அடுக்குமாடிகளின் கூரைத் தண்ணீர் நேராகத் தெருவுக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

டிசம்பரில் காற்றுத் திசைகாட்டியும் பொருத்தினேன். அதற்குப் பிறகுதான் மற்ற எண்கள் பேச ஆரம்பித்தன. அதிகம் வீசுவது வடமேற்கிலிருந்து வரும் மயிஸ்த்ரால். வடகிழக்கின் கிரிகால் குளிர்காலத்தில் கடலைக் கொந்தளிக்க வைக்கும். தலைநகர் வல்லெட்டாவின் பெரிய துறைமுகத்து வாய் அந்தத் திசையைப் பார்த்தே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள்.

தென்கிழக்கின் ஷ்லொக் வேறு மாதிரி. சகாராவில் வறண்டு கிளம்பி, கடலைக் கடக்கையில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு வரும். வானம் மங்கும், உடம்பு பிசுபிசுக்கும், வீட்டுக்குள் கல் சுவர் வியர்க்கும். அன்று தூறினால் மழைமானியின் அடியில் செம்மண் நிறத்தில் வண்டல். அதைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்து, தேதி போட்டு ஒட்டிவைக்கிறேன்.

இப்போது படகுத்துறையில் கயிறு கட்டிய வெப்பமானியை இறக்கிக் கடல்நீரின் சூட்டையும் பார்க்கிறேன். பிப்ரவரியில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும் கடல் ஆகஸ்டில் 26 டிகிரி வரை ஏறும். அந்த ஏற்றத்தையும் வரும் அக்டோபர் மழையையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.