ஆங்கிலச் சொல்லை அதன் ஜோடியோடு படியுங்கள்

கோர்ட் செய்திகளில் ‘கடுங்காவல் தண்டனை, சேலம் மத்திய சிறையில் அடைப்பு’ என்று படித்திருப்பீர்கள். கடுங்காவல் தண்டனை ஆங்கிலத்தில் ‘ரிகரஸ் இம்ப்ரிசன்மென்ட்’. தலைவலி கடுமையாக இருந்தால் ‘சிவியர் ஹெட்ஏக்’. ஆசிரியர் கடுமையானவர் என்றால் ‘ஸ்ட்ரிக்ட் டீச்சர்’. விதிமுறை கடுமை என்றால் ‘ஸ்ட்ரிஞ்சன்ட் ரூல்ஸ்’. நோட்டில் இந்த நான்குக்கும் எதிரே ‘கடுமையான’ என்று எழுதி மனப்பாடம் செய்தவர், தேர்வில் ‘ரிகரஸ் ஹெட்ஏக்’ என்று எழுதிவிடுவார். இலக்கணப்படி அதில் தவறில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

வங்கித் தேர்வுக்கும், வெளிநாட்டுப் படிப்புக்கான ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கும் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் உழைப்பில் குறை வைப்பதில்லை. சொல்லைத் தனியாகப் பிரித்துப் படிப்பதில்தான் சிக்கல். ‘கமிட்’ என்ற வினையோடு கிரைம், எரர் போன்றவை சேரும், உதவி சேராது. ‘காஸ்’ (ஏற்படுத்து) என்பதோடு டேமேஜ், டிலே என்று கெட்டதுதான் பெரும்பாலும் வரும். சேலம் மாம்பழத்துக்கு ‘நொட்டோரியஸ்’ என்று எழுதினால், மாம்பழத்தால் ஊருக்குக் கெட்ட பெயர் என்று ஆகிவிடும். அங்கே வரவேண்டியது ‘ரினௌன்ட் ஃபார்’. அந்த ‘ஃபார்’ முக்கியம். சொல்லோடு வரும் முன்னிடைச்சொல்லையும் (ப்ரிபொசிஷன்) சேர்த்தே மனதில் ஏற்றுங்கள்.

இப்படி ஜோடியோடு படிக்க, ஒரு சொல்லுக்கு ஒரு சிறு அட்டை செய்துகொள்ளுங்கள். அதைத் தயாரிக்கும் முறை இது. முன்பக்கம் ஒரு முழு வாக்கியம், படிக்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தில் கோடு, கோட்டின் மேல் முதல் எழுத்து மட்டும். பின்பக்கம் அந்தச் சொல், அதோடு வழக்கமாகச் சேரும் இரண்டு சொற்கள், கடைசியில் சிறிய எழுத்தில் தமிழ்ப் பொருள். வாக்கியம் நமக்குத் தெரிந்த உலகத்தைப் பற்றி இருக்கட்டும். ஏற்காட்டின் தட்பவெப்பம் காபிக்கு ‘கண்டியூசிவ் டு’ (உகந்தது), அரபிகாச் செடி இலைத்துரு நோய்க்கு ‘சஸெப்டிபிள் டு’ (எளிதில் ஆளாகக்கூடியது), 20 கொண்டை ஊசி வளைவு கொண்ட மலைப்பாதை ‘வைண்டிங் ரோடு’. கண்ணால் பார்த்த பொருளோடு ஒட்டிய சொல் தேர்வுப் பதற்றத்திலும் கைவிடாது.

அட்டைகளைத் திரும்பப் பார்க்க, 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் எழுதிய பெட்டி முறை போதும். ஒரு செருப்பு டப்பாவை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை 2 நாளுக்கு ஒருமுறை, அடுத்தவற்றை 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறினால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்கே திரும்பும். போனில் வேண்டுமென்றால் ‘ஆன்கி’ செயலி இந்த இடைவெளிக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல்? ஐந்து. தவறே இல்லாமல் போனாலும் ஒவ்வோர் அட்டையும் ஐந்து முறை கைக்கு வரும். ஆக, தினம் 5 புதுச்சொல் என்றால் ஒரு மாதத்துக்குள் தினம் 25 அட்டை பார்க்க வேண்டிவரும். அட்டைக்கு அரை நிமிடம் வைத்தால் 12, 13 நிமிடம். தினம் 20 சொல் என்று ஆரம்பித்தால் அதே கணக்கில் 100 அட்டை, 50 நிமிடம். தவறுகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். முதல் வாரம் இந்தச் சுமை தெரியாது. அதனால்தான் ‘30 நாளில் 1000 சொல்’ திட்டங்கள் நான்காவது வாரத்தில் படுத்துவிடுகின்றன.

ஒத்த பொருளுள்ள சொற்களை ஒரே நாளில் எடுக்காதீர்கள். எமினன்ட் (புகழ்பெற்ற), இம்மினன்ட் (விரைவில் நேரவிருக்கும்) போல ஒலி ஒத்தவற்றையும் அப்படித்தான். இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒன்றோடொன்று குழம்பி, இரண்டுமே போய்விடும். ஒன்று மூன்றாவது அறைக்குப் போன பிறகு மற்றதை எடுங்கள். ஒத்த பொருள் சொற்களின் பட்டியல் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பயன்படும், அதுவும் ஏற்கெனவே தெரிந்த சொற்களைச் சரிபார்க்க மட்டும்.

எந்தச் சொற்கள் என்றால், மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு 2000ஆம் ஆண்டு ஏவ்ரில் காக்ஸ்ஹெட் தொகுத்த ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ நல்ல தொடக்கம். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), 10 பிரிவுகள். அதிகம் பயன்படுபவை முதல் பிரிவில் இருக்கும். மற்றவர்கள், தாங்கள் படிக்கும் ஆங்கில நாளிதழிலிருந்தே எடுக்கலாம். 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் ஐந்தாறுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்தக் கட்டுரை இப்போதைக்கு வேண்டாம். சுற்றியுள்ள சொற்களே தெரியாதபோது சூழலை வைத்துப் பொருளை ஊகிக்க வழியில்லை.

இலத்தீன் வேர்கள் நினைவுக்கு நல்ல கைப்பிடி. ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்ப்பது என்று தெரிந்தால் இன்ஸ்பெக்ட், ரெட்ராஸ்பெக்ட், சர்கம்ஸ்பெக்ட் எல்லாம் ஒரு கொத்தாக நிற்கும். ஆனால் வேரை வைத்து ஊகித்து மட்டும் விடாதீர்கள். பைபாஸில் போகும் டேங்கர் லாரியில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்பதை எதிர்மறை என்று எடுத்தால் தீப்பிடிக்காது என்று பொருள் வரும். உண்மையில் சட்டென்று தீப்பற்றக்கூடியது என்று அர்த்தம்.

உச்சரிப்பை நோட்டில் தமிழில் எழுதிவைப்பதை விட்டுவிடுங்கள். இங்கே நான் எழுதியிருப்பது வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். ‘பேட்’ என்று எழுதினால் அது தட்டுவதா, மட்டையா என்று தெரியாது. ‘சட்டில்’ (நுட்பமான) என்பதில் எழுதப்படும் ‘பி’ ஒலிக்காது. ‘எபிட்டமி’ (மிகச் சிறந்த உதாரணம்) நான்கு அசை, மூன்றல்ல. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். ஃபோட்டோகிராஃபுக்கு முதல் அசை, ஃபொடாகிரஃபிக்கு இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதற்கு மூன்றாவது. அந்தக் கோட்டை அப்படியே அட்டையில் போட்டு, அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு, அட்டையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வாக்கியத்தை முழுதாக வாய்விட்டுச் சொல்லுங்கள்.