சேன் மாலோ மதிலும் மகோன் வீடும்: அட்டை மாடல் எதுவரை வந்திருக்கிறது

கூரை வேலையில் முழுசாக இறங்கிவிட்டால் மதிலுக்கு என்ன செய்தேன் என்பது மறந்துபோகும், அதனால் இதுவரை நடந்ததை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

சேன் மாலோ பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் இருக்கிற மதில் சூழ்ந்த துறைமுக ஊர். நான் செய்துகொண்டிருப்பது அங்கே மதிலை ஒட்டி நிற்கிற மகோன் வீடு. தெருவின் பெயரை வைத்து அஸ்ஃபெல்ட் மாளிகை என்றும் சொல்வார்கள். 1725-இல் பிரான்சுவா ஒகுஸ்த் மகோன் தெ லா லாந்த் என்பவருக்காகக் கட்டியது. சொந்தமாகக் கப்பல் விட்டவர், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அந்த ஊர் வியாபாரிகள் 1719-க்கு முன்பே பாண்டிச்சேரிப் பக்கம் கப்பல் அனுப்பியவர்கள். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த லா பூர்தொனே பிறந்ததும் இதே ஊரில்தான்.

ஆனால் இந்த வீட்டை நான் எடுத்ததற்குக் காரணம் 1944. அந்த ஆகஸ்டில், ஊருக்குள் இருந்த ஜெர்மன் படையை அமெரிக்கர்கள் முற்றுகையிட்டபோது, மதிலுக்குள் இருந்த 865 கட்டடங்களில் 182 மட்டும்தான் தப்பின. மதில் நின்றது, உள்ளே ஊர் எரிந்துபோனது. இன்று படங்களில் நாம் பார்க்கிற கிரானைட் வீடுகள் பெரும்பாலும் போருக்குப் பிறகு பழைய சாயலில் திரும்பக் கட்டியவை, அந்த வேலையையும் நான் மதிக்கிறேன், ஆனாலும் அந்தத் தீயில் தப்பிப் பிழைத்த ஒரு வீட்டைக் கல் கல்லாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இன்று அது சட்டப்படி பாதுகாக்கப்படும் நினைவுச் சின்னம், உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம்.

அளவு 1:100, அதாவது 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். மதிலின் முழுச் சுற்று சுமார் 1,750 மீட்டர், அதையும் இதே அளவில் செய்தால் 17 மீட்டருக்கு மேல் போகும், வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற துண்டு மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். வீட்டைத் தொடுவதற்கு முன்பே மதிலை முடித்தேன். இந்த மாடலில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான். 1708 தொடங்கி, பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபானின் கீழ் வேலை பார்த்த கராஞ்சோ என்ற ராணுவப் பொறியாளர், ஊரைப் பகுதி பகுதியாக விரிவாக்கினார். புது மதிலும் அதற்குள் எழுந்த பெரிய வீடுகளும் ஒரே திட்டத்தில் வந்தவை. தனியாக நிறுத்திப் பார்த்தால் வீடு அளவுக்கு மீறி உயரமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூடத் தெரியும். மதிலை முன்னால் வைத்து, மேசை விளக்கைச் சாய்த்து வெளிச்சம் அடித்தபோதுதான் அந்த உயரத்தின் கணக்கு பிடிபட்டது. கீழ்த்தளம் முழுக்க மதிலின் நிழலில் போய்விடுகிறது, மேல் தளங்களில் மட்டும் வெளிச்சம் விழுகிறது. இந்த வகை வீடுகளில் கீழே நிலவறையும் கிடங்கும், குடும்பம் புழங்கிய நல்ல அறைகள் மேலே. கப்பல் வருவதைச் சன்னலிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் மதிலுக்கு மேல் எழும்பித்தானே ஆகவேண்டும்!

சுவர்களுக்கு ஃபோம் போர்டு, அதாவது நடுவில் நுரையும் இரு பக்கமும் காகிதமும் உள்ள அட்டை. ஒரு பக்கத்துக் காகிதத்தை லேசாக ஈரப்படுத்தி உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கல் வரிசைகளை அழுத்திக் கோடு போட்டேன். வரிசை 3 மில்லிமீட்டர் உயரம், கல்லின் நீளம் மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. அப்புறம் அலுமினியத் தாளைக் கசக்கிப் பந்தாக்கி மேலே உருட்டினால் கிரானைட்டின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடுகிறது. சாம்பல் நிறம் ஒரே சீராக இருந்தால் சிமெண்டுச் சுவர் போல ஆகிவிடும், அதனால் அங்கங்கே சில கற்களுக்கு மட்டும் மங்கிய பழுப்பும் லேசான நீலச் சாம்பலும் கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் தண்ணீராகக் கரைத்த கறுப்பு அக்ரிலிக்கை மேலிருந்து வழியவிட்டேன். அது கோடுகளில் போய்த் தங்கும், மேலே படிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. மதிலின் அடிப்பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பச்சை சேர்த்தேன், அலை நனைக்கிற இடம் அது.

சன்னல்களுக்கு ஓஎச்பி ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், சிறு கண்ணாடிக் கட்டங்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் மார்க்கர். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கூரை. செங்குத்தாக ஏறுகிற சிலேட்டுக் கூரை, அதற்கும் மேலே போகிற உயரமான கல் சிம்னிகள். நிஜ அளவுக்கு ஓடு வெட்டினால் 1 மில்லிமீட்டர்தான் வெளியே தெரிய வேண்டும், அது கண்ணுக்கும் எட்டாது, கைக்கும் அடங்காது. கறுப்பு சார்ட் பேப்பரில் பட்டைகளை வெட்டி, பாதி வரை கத்தரித்து, கீழிருந்து மேலாக 2 மில்லிமீட்டர் தெரியும்படி ஒட்டிக்கொண்டு போகிறேன். ஒரு பக்கச் சரிவு முடிந்துவிட்டது, தொட்டுப் பார்த்தால் விரலில் ஒவ்வொரு வரிசையும் தட்டுப்படுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அடித்தளத்தில் இன்றைய சாலையும் கார்களும் வேண்டாம் என்று முடிவு. அந்தக் காலத்தில் கடல் வற்றும்போது துறைமுகத் தரை வெளியே வந்து, கப்பல்கள் அப்படியே தரைதட்டி நிற்கும். இந்தக் கடலோரத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, பெரிய ஓதம் வருகிற நாட்களில் 12 மீட்டரைத் தாண்டும். மாடலில் அது 12 சென்டிமீட்டர். நீர் வற்றிய நேரத்தைக் காட்டினால் மதிலை அடியிலிருந்து முழுசாகக் காட்டலாம், ஈர மணலுக்குச் சலித்த ஆற்றுமணலும் ஃபெவிகாலும் கலந்து ஒரு துண்டு அட்டையில் போட்டுப் பார்த்தேன், நிறம் சரியாகவே வந்திருக்கிறது.

அடுத்து கூரைச் சன்னல்கள், பிறகு சிம்னி. வீட்டின் முற்றத்துப் பக்கம் மட்டும் எனக்குக் கிடைத்த படங்களில் தெளிவாக இல்லை. அங்கே போய்வந்தவர்கள் யாரிடமாவது நல்ல படம் இருந்தால் கொடுங்கள், அது வரும்வரை அந்தச் சுவரை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.